கருவண்டையும் கொட்டலசையும் கைவில்லையால் ஒப்பிடும் முறை

வன்னியில் எருக்கும்பியைக் கிளறும்போது அகப்படும் கருவண்டும், நாயாற்றுக் களப்பில் நட்ட தடிகளில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும் கொட்டலசும், மூட்டுள்ள கால்களையுடைய கணுக்காலிகள் என்ற ஒரே கணத்தைச் சேர்ந்தவை. கொட்டலசை மட்டியின் இனமென்று நினைப்பது இயல்பே. உயிரினங்களை வகைப்படுத்திய அறிஞர் லின்னேயஸும் அதனை அவ்வாறே வகைப்படுத்தினார். 1830இல் ஜோன் வோன் தொம்சன் என்ற ஆய்வாளர் அதன் குடம்பியை (முட்டையிலிருந்து வெளிவரும் இளம் பருவத்தை) ஆராய்ந்து, அது கணுக்காலிகளான இறால், நண்டு ஆகியவற்றின் உறவு என்று காட்டினார்.

படி 1: கைவில்லை (பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி) ஒன்றையும், இறந்த கருவண்டு ஒன்றையும், கொட்டலசு ஒட்டிய சிறிய தடித்துண்டு அல்லது மட்டிக்கோது ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டலசின் விளிம்பு கையை வெட்டும் என்பதால் தடித்துண்டை ஓரத்தில் பிடியுங்கள். கொட்டலசை எடுத்த இடத்துத் தண்ணீரை ஒரு போத்தலில் நிரப்பி, அதனை உள்ளே இடுங்கள்.

படி 2: வண்டைக் கவிழ்த்துக் கால்களை எண்ணுங்கள்: மூன்று சோடி. ஒரு காலை மெல்ல மடக்கிக் கைவில்லையால் பார்த்தால் மூட்டுகள் தெரியும். முதுகிலுள்ள கடினமான மூடிகள் முன்சிறகுகளே. அவற்றைத் தூக்கினால் பறக்கும் சிறகுகள் மடிந்து கிடப்பதைக் காணலாம்.

படி 3: போத்தலை நிழலில் ஆடாமல் வைத்துப் பொறுமையாகக் காத்திருங்கள். முதன்முறை நான் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டு அரைமணி நேரம் குந்தியிருந்தேன். ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. களப்புத் தண்ணீரில் சிறிது நேரத்தில் மேல்மூடி பிளந்து, மயிர் நிறைந்த விசிறி போன்ற ஒன்று வெளியே வந்து தண்ணீரைத் துழாவி உள்ளே சுருளும். அந்த விசிறிதான் அதன் கால்கள்: ஆறு சோடி, ஒவ்வொன்றும் இரண்டாகக் கிளைத்தது. நீந்தித் திரிந்த குடம்பி தன் உணர்கொம்புகளிலிருந்து சுரக்கும் பசையால் தலைப்பக்கமாக ஒட்டிக்கொண்டு, எஞ்சிய வாழ்நாள் முழுவதும் கால்களால் இரை வாரி உண்கிறது. சார்ள்ஸ் டார்வின் இந்த இனத்தை ஆராய்வதற்கே 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகளைச் செலவிட்டார் என்பது, அந்த விசிறியை ஒருமுறை பார்த்தவருக்கு வியப்பாக இராது.

படி 4: இரண்டின் ஓட்டையும் ஒப்பிடுங்கள். வண்டின் ஓடு கைற்றின் என்ற உறுதியான பொருளாலானது. கொட்டலசின் வெளித்தகடுகள் சுண்ணாம்பாலானவை, அவை கழலாமல் வளர்ந்துகொண்டே போகும். ஆனால் உள்ளே உடலையும் கால்களையும் போர்த்தியிருக்கும் மெல்லிய கைற்றின் தோலை, வண்டின் புழுவைப் போலவே, கொட்டலசும் அவ்வப்போது உரிக்கிறது. ஆகவே தடித்துண்டைக் களப்பில் திரும்ப விடுவதற்கு முன், போத்தல் தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: கால்களின் வடிவம் மாறாமல், இறகு போன்ற வெண்தோல் ஒன்று மிதக்கக்கூடும்.