பெண்கள் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் பயிற்சி மாணவராகப் பணியாற்றுவது எப்படி?

பெண்கள் வரலாற்றுக்கென அமைந்த ஆவணக் காப்பகத்துக்கு உள்ளகப் பயிற்சிக்காகச் செல்லும் மாணவர்களில் பலர், பழைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் படிக்கும் வாய்ப்பு என்றே அதை எண்ணிச் செல்கின்றனர். படிக்க நிறையவே கிடைக்கும். ஆனால் அங்கே உங்கள் கைக்கு வரும் முதன்மையான வேலை, பெட்டிக்குள் கிடக்கும் ஒரு பெண்ணின் தாள்களை, அவரைத் தேடி வரும் ஆய்வாளர் கண்டடையும் வகையில் ஒழுங்குபடுத்தி விவரித்து வைப்பதாகும். இந்த வழிகாட்டியில் சொல்லப்படுபவை அனைத்தும் அந்த ஒரு வேலையைச் சார்ந்தவையே.

விண்ணப்பிக்கும் முன் அந்தக் காப்பகத்தின் பட்டியலை ஒரு மணி நேரமாவது புரட்டிப் பாருங்கள். அதில் உங்கள் படிப்போடு தொடர்புள்ள ஒரு தொகுப்பைத் தேர்ந்து, விண்ணப்பக் கடிதத்தில் அதன் பெயரைச் சொல்லி எழுதுங்கள். பெண்களின் வரலாறு தமக்கு மிகவும் பிடிக்கும் என்று பொதுவாக எழுதும் கடிதங்கள் காப்பாளர்களுக்கு ஏராளமாக வருகின்றன. உதவித்தொகை உண்டா, யாருடைய மேற்பார்வையில் பணிபுரிவீர்கள், பயிற்சி முடியும்போது எந்த வேலை முழுமை பெற்றிருக்க வேண்டும் என்பவற்றைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

நிறுவனத்தின் சொந்த வரலாற்றையும் அறிந்துகொண்டு செல்ல வேண்டும்; ஏனெனில் தொகுப்பில் எது இருக்கிறது, எது இல்லை என்பதற்கான காரணம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். அமெரிக்காவின் ஷ்லெசிங்கர் நூலகம், வாக்குரிமைப் போராளி மாட் வுட் பார்க் 1943-இல் ராட்கிளிஃப் கல்லூரிக்கு அளித்த தாள்களிலிருந்து வளர்ந்தது. 1926-இல் தொடங்கப்பட்டு இப்போது லண்டன் பொருளியல் பள்ளியில் உள்ள பெண்கள் நூலகமும் வாக்குரிமை இயக்கத்தைச் சேர்ந்தவர்களின் முயற்சியால் உருவானதே. இத்தகைய தொடக்கம் கொண்ட இடங்களில், படித்த, அமைப்புகளில் இயங்கிய பெண்களின் ஆவணங்கள் மிகுந்தும், கூலி வேலை செய்த பெண்களின் ஆவணங்கள் அருகியும் இருப்பது வியப்பன்று. ஆம்ஸ்டர்டாமில் 1935-இல் நிறுவப்பட்ட பெண்கள் இயக்கக் காப்பகத்தின் நிலை வேறு: அதன் தொகுப்பை 1940-இல் நாஜிகள் கவர்ந்து சென்றனர், 1992-இல் மாஸ்கோவில் கண்டறியப்பட்ட பகுதி 2003-இல்தான் திரும்பி வந்தது. எழுத்துச் சான்றுகளை மட்டும் நம்பினால் எழுதாத பெண்கள் விடுபட்டுப் போவார்கள் என்பதை உணர்ந்து, ஒலியையும் படத்தையும் முன்னிறுத்திச் சேகரிக்கும் காப்பகங்களும் உண்டு. 1988-இல் நீரா தேசாய், சி.எஸ். லட்சுமி, மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோர் மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ அவ்வகையைச் சேர்ந்தது.

பெட்டியைத் திறந்ததும் எதையும் அடுக்கத் தொடங்காதீர்கள். தாள்கள் எந்த வரிசையில் வந்தனவோ அந்த வரிசையே ஒரு சான்று என்பது ஆவணவியலின் அடிப்படை விதி. ஒருவரிடமிருந்து வந்தவற்றை மற்றவருடையவற்றோடு கலக்கக் கூடாது என்பது அதற்கு இணையான மற்றொரு விதி. பெண்களின் தாள்களில் இந்த வரிசை குழப்பமாகத் தோன்றுவதற்கு வாய்ப்பு அதிகம். ஒரு வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து தலைகீழாகத் தொடங்கி, சங்கக் கூட்டத்தின் குறிப்புகள் எழுதப்பட்டிருக்கலாம். குழந்தையின் தடுப்பூசிச் சீட்டுக்கும் மளிகை ரசீதுக்கும் நடுவே துண்டறிக்கையின் கைப்பிரதி செருகப்பட்டிருக்கலாம். அவற்றைப் பிரித்து, சங்கம் ஒரு கோப்பிலும் வீடு மற்றொன்றிலுமாக வைத்துவிட்டால், அந்தப் பெண் இரண்டையும் ஒரே மேசையில் செய்தார் என்ற செய்தி அழிந்துபோகும். ஆகவே முதலில் மேலிருந்து கீழாக என்ன இருக்கிறது என்று பென்சிலால் எழுதிக்கொண்டு, வரிசையை மாற்ற வேண்டுமென்று தோன்றினால் காரணத்தோடு மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்.

கையாளும் முறையை அங்கேயே சொல்லித் தருவார்கள் என்பதால் சிலவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன். மேசையில் பேனா இருக்கக் கூடாது. தாள்களுக்குக் கழுவி உலர்த்திய வெறுங்கையே போதும். பருத்திக் கையுறை விரல்நுனியின் உணர்வை மழுக்கித் தாளைக் கிழிக்கச் செய்யும். புகைப்படங்களுக்கும் நெகட்டிவ்களுக்கும் நைட்ரில் எனப்படும் செயற்கை ரப்பர் கையுறை அணியுங்கள். துருப்பிடித்த ஜெம் கிளிப்பை இழுத்து எடுக்கக் கூடாது: கடிதத்தை மேசையில் படுக்க வைத்து, கிளிப்புக்கும் தாளுக்கும் இடையே மெல்லிய பாலியஸ்டர் ஃபிலிம் துண்டுகளை இருபுறமும் நுழைத்து, நீண்ட வளைவை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தபடி குறுகிய வளைவை மேலே தூக்கினால், தாளில் உராயாமல் அது கழன்று வரும். பக்கங்களை அமிலமற்ற தாளில் மடித்து ஒன்றாகவே வையுங்கள். உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், தேதியில்லாத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரைதான் பல வேளைகளில் ஒரே சான்று. பெட்டியிலிருந்து வினிகர் நெடி அடித்தால் உள்ளே உள்ள அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதையும் பூஞ்சையையும் கண்டால் பெட்டியை மூடிவிட்டுச் சொல்லுங்கள்.

பெயர்களுக்கு மட்டும் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். ஒரே பெண் பிறந்த வீட்டுப் பெயரிலும், மணத்துக்குப் பின் கணவரின் பெயரோடு சேர்ந்தும், இதழ்களில் புனைபெயரிலும், தோழிகளின் கடிதங்களில் செல்லப்பெயரிலும் தோன்றுவார். இரண்டாம் திருமணம் நடந்திருந்தால் இன்னொரு பெயரும் சேரும். கூட்ட அறிக்கைகளில் திருமதி என்ற முன்னொட்டுக்குப் பின் கணவரின் முழுப்பெயர் மட்டுமே இருப்பதும் வழக்கம். பெயர்களுக்கெனத் தனித்தாள் ஒன்றை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வடிவமும் எந்தப் பெட்டியில், எந்தக் கோப்புறையில், எந்தத் தாளில் காணப்பட்டது என்று குறித்து வாருங்கள். இரண்டு பெயர்கள் ஒருவரையே குறிக்கின்றன என்பதற்குச் சான்று கிடைத்த பிறகே அவற்றை இணையுங்கள். ஒருவரின் எல்லாப் பெயர் வடிவங்களையும் ஒரே பதிவில் தருவதற்கு ஐசார் எனப்படும் பன்னாட்டு நெறிமுறை இடமளிக்கிறது. அவர் தாமே கையெழுத்திட்ட வடிவத்தைத் தலைப்பாகக் கொள்வது நியாயமானது என்பது என் கருத்து, எனினும் நிறுவனத்தின் விதி வேறாக இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஊகித்து அறிந்த பெயரையோ ஆண்டையோ சதுர அடைப்புக்குறிக்குள் இட வேண்டும்; உறுதியில்லாவிட்டால் உள்ளே கேள்விக்குறியும் இட வேண்டும்.

கணவரின் அல்லது தந்தையின் தொகுப்புக்குள் ஒளிந்திருக்கும் பெண்களையும் இப்படித்தான் வெளிக்கொணர முடியும். பழைய பட்டியலில் “குடும்பக் கடிதங்கள், பல்வகை” என்றோ “சொந்த விஷயங்கள்” என்றோ இருக்கும் கோப்புறைகளைத் திறந்து பாருங்கள். “இரண்டு சகோதரிகளுக்கிடையே 1948 முதல் 1953 வரை நடந்த கடிதப் போக்குவரத்து; செவிலியர் பயிற்சி, பிரசவம், விடுதிச் செலவு ஆகியவை பற்றியது” என்பது போல ஒரு வரி எழுதினால், மருத்துவ வரலாற்றையோ கூலி வரலாற்றையோ ஆராய்பவருக்கும் அது அகப்படும். பாராட்டுச் சொற்கள் பட்டியலில் வேண்டாம். “முன்னோடி” என்று எழுதுவதைவிட அவர் எந்த ஆண்டில் என்ன பொறுப்பில் இருந்தார் என்று எழுதுவது பயன் தரும். முந்தைய பட்டியலாளர் எழுதிய இழிவான விவரணையைத் திருத்த நேர்ந்தால் பழைய வடிவத்தையும் திருத்திய தேதியையும் பாதுகாத்து வையுங்கள். அதுவும் ஒரு வரலாற்றுச் சான்றே.

கடிதத் தாள் காப்பகத்துக்குச் சொந்தமாக இருந்தாலும், அதன் பதிப்புரிமை பொதுவாக எழுதியவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ உரியது. அதைவிடக் கவனம் தேவைப்படுவது, கடிதத்தில் பேசப்படும் மூன்றாம் நபர்களின் அந்தரங்கம். கருக்கலைப்பு, மனநோய், வீட்டு வன்முறை, அடைக்கல இல்லத்தின் பதிவேடுகள் ஆகியவை இத்தொகுப்புகளில் அடிக்கடி எதிர்ப்படும். அவற்றில் பெயர் வரும் பெண் உயிருடன் இருக்கக்கூடும். நன்கொடை ஒப்பந்தத்தைப் படித்து, எந்தக் கோப்புறை எந்த ஆண்டு வரை மூடப்பட்டுள்ளது என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஐயத்துக்கிடமானதைப் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் காப்பாளரிடம் காட்டுங்கள். கைபேசியில் படமெடுத்து நண்பருக்கு அனுப்புவதுகூட மீறல்தான். இத்தகைய வாக்குமூலங்களை நாள் முழுதும் படித்துக்கொண்டிருப்பது எவருக்கும் நல்லதன்று. இடையிடையே வேறு பெட்டிக்கு மாறிக்கொள்ள அனுமதி கேளுங்கள், நல்ல மேற்பார்வையாளர் மறுக்க மாட்டார்.

வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேட்டு எழுதும் பணி கிடைத்தால், பேசியவரின் பேச்சு வழக்கைத் திருத்தி எழுத்து நடைக்கு மாற்ற வேண்டாம். முழுப்படி எழுத நேரமில்லையெனில், எந்த நிமிடத்தில் எதைப் பேசுகிறார் என்ற சுருக்கக் குறிப்பே ஆய்வாளருக்குப் பேருதவியாக இருக்கும். மூலப் பதிவைச் சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பாதுகாத்து, கேட்பதற்கு மட்டும் எம்பி3 நகலைப் பயன்படுத்துவதே முறை. ஒப்புதல் படிவம் எந்தப் பதிவுக்கு உரியது என்று இணைத்து வைக்கவும் மறக்காதீர்கள்.

பயிற்சி மாணவர்களை ஸ்கேனர் முன் உட்கார வைத்துவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அது தேவையான வேலைதான், ஆனால் சில நாட்களில் கற்று முடிந்துவிடும். விவரணை இல்லாத ஆயிரம் ஸ்கேன் படங்களை எவராலும் தேடிக் கண்டெடுக்க முடியாது. ஒரு சிறு தொகுப்பையாவது தொடக்கத்திலிருந்து, அதில் என்னென்ன உள்ளன என்று ஆய்வாளருக்குச் சொல்லும் விளக்கப் பட்டியல் வரை உங்களிடம் விடும்படி பணிவாகவும் விடாமலும் கேளுங்கள்.

விடைபெறும் வாரத்தில் ஒப்படைப்புக் குறிப்பு ஒன்றை எழுதுங்கள்: எந்தப் பெட்டி வரை முடிந்தது, எந்தக் கோப்புறையின் வரிசையை ஏன் மாற்றினீர்கள், எந்தப் பெயர்கள் இன்னும் அடையாளம் காணப்படவில்லை, எந்த ஊகத்துக்கு எந்தச் சான்று என்பவை அதில் இருக்க வேண்டும். பெயர்த்தாளையும் அதனுடன் இணைத்துக் கொடுங்கள். விளக்கப் பட்டியலில் தொகுப்பை ஒழுங்குபடுத்தியவர் என்ற இடத்தில் உங்கள் பெயரையும் ஆண்டையும் சேர்க்கும்படி கேட்பது உங்கள் உரிமை. பின்னாளில் ஓர் ஆய்வாளருக்கு ஐயம் எழுந்தால், அந்த முடிவை எடுத்தவர் யார் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.