மாட்டுத் தீனிக்கு வேலியோரக் கினிப்புல்

திருகோணமலை மாவட்டத் தம்பலகாமத்தில் எங்களுக்கு இரண்டு பசுக்கள். கச்சான் என்கிற வறண்ட கோடைக் காற்று தொடங்கினால் மாடு மேயும் தரவை காய்ந்துவிடும். வெறும் வைக்கோலில் பால் பாதியாகக் குறையும். வேலியோரத்திலோ யாரும் வைக்காமலே கினிப்புல் ஆளுயரம் நிற்கும். ஆபிரிக்காவிலிருந்து வந்த புல் அது. இன்று இலங்கையின் தெருவோரங்களில் தானாகவே வளர்கிறது.

முதலில் அதன் விதையை உருவி வந்து உடனே தூவினேன். ஒன்றிரண்டுதான் முளைத்தன. கதிரில் விதை ஒரே நேரத்தில் முற்றாது, முற்றியது உதிர்ந்துவிடும், புதிய விதைக்கு உறக்க காலமும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. தூரையே பிரித்து நடச் சொன்னார் பக்கத்து வீட்டு அண்ணன். சரி என்று ஐப்பசியில் மழை விழுந்ததும் பழைய தூர்களைத் தோண்டி, இலையை அரையடிக்கு வெட்டி, மூன்று நான்கு தண்டாகப் பிரித்து, தென்னைகளுக்கு நடுவே இரண்டடி இடைவெளியில் நட்டேன். நிழலைத் தாங்கும். தண்ணீர் தேங்கினால் தாங்காது. பள்ளத்தில் வைத்த வரிசை மாரியிலேயே அழுகிப்போனது.

தை கடைசியில் முதல் வெட்டு. அப்புறம் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை, பூக்குமுன், நிலத்திலிருந்து அரையடி விட்டு. பூத்தபின் தண்டு தடித்துச் சத்துக் குறைகிறது, மாடும் ஒதுக்கிவிடும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மாட்டெரு போடுகிறேன். கச்சானில் வாரம் இருமுறை கிணற்றுநீர். கிளிரிசிடியா மரத்து இலையும் கலந்து கொடுக்கிறேன். இந்த ஆவணியில் பால் குறையவில்லை, எங்கள் பசு சிவப்பியின் விலா எலும்பும் தெரியவில்லை.