மொழிப் பகுதி நியூரான்களை நீங்களே அளந்து பார்ப்பது எப்படி?

மூளையில் பேசுவதற்கு உதவும் புரோக்கா பகுதியிலும், பேச்சைப் புரிந்துகொள்ள உதவும் வெர்னிக்கே பகுதியிலும் உள்ள நியூரான்கள் (நரம்பு செல்கள்) ஒரே மாதிரியா, வேறு வேறா? இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு தடவை அளந்து பார்த்தால் நன்றாகப் பிடிபடும். கணினியும் இணையமும் போதும்.

படி 1: கோப்புகளை எடுப்பது

நியூரோமார்ஃபோ (NeuroMorpho.Org) தளத்துக்குப் போங்கள். ஆய்வகங்கள் வரைந்தெடுத்த நியூரான் வடிவங்கள் 2006 முதல் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. மனிதன், பெருமூளைப் புறணி (மூளையின் மேலடுக்கு), பிரமிடு செல் (முக்கோண வடிவ உடலுள்ள நியூரான்) என்று வடிகட்டுங்கள். பகுதிகளைப் புராட்மன் எண்ணால் (புறணியின் பகுதிகளுக்கு இட்ட எண்) நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: 44 புரோக்கா பகுதியில் சேரும், 22 வெர்னிக்கே பகுதியில் சேரும், சொல்லையும் பொருளையும் இணைப்பதில் பங்குள்ள கோண மடிப்பு 39. முடிந்தவரை ஒரே ஆய்வகம், ஒரே சாயமுறை (செல்லைக் கண்ணுக்குத் தெரிய வைக்கும் முறை), நெருங்கிய வயது என்று பொறுக்குங்கள்.

படி 2: கோப்பைத் திறந்து பார்ப்பது

அங்கே கிடைக்கும் எஸ்டபிள்யூசி (.swc) கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். ஒரு வரி இப்படி இருக்கும்:

15 3 12.4 -8.1 2.0 0.6 14

புள்ளியின் எண் 15, வகை 3, அடுத்த மூன்றும் இருப்பிடம், 0.6 ஆரம், கடைசியில் உள்ள 14 இந்தப் புள்ளி எதிலிருந்து கிளைத்தது என்பது. வகையில் 1 செல் உடல், 2 ஆக்சான் (செய்தியை வெளியே அனுப்பும் இழை), 3 அடிப்புற டென்ட்ரைட் (செய்தியை வாங்கும் கிளை, செல் உடலின் அடியிலிருந்து கிளம்புவது), 4 உச்சி டென்ட்ரைட் (உச்சியிலிருந்து கிளம்புவது).

படி 3: வகை 4-ஐ நீக்குவது

தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். முதல் தடவை நான் எல்லாக் கிளைகளையும் சேர்த்தே அளந்தேன். இரண்டு பகுதிகளுக்கும் இடையே பெரிய வித்தியாசம் வந்தது. இரண்டு வாரம் அதை நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கோப்புகளை வரிவரியாகப் பார்த்தேன். ஒரு தொகுப்பில் உச்சி டென்ட்ரைட் முழுதாக இருந்தது, இன்னொன்றில் வரையவே இல்லை. நான் அளந்தது மூளையின் வித்தியாசத்தை அல்ல, வரைந்தவர்கள் எதை வரைந்தார்கள் என்பதை. மேலே நீளும் அந்த ஒற்றைத் தண்டு, மெல்லிய திசுத் துண்டில் பாதியிலேயே வெட்டுப்பட்டுவிடுவதும் உண்டு. அதனால் வகை 1, 3 வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அடிப்புறத்தை அடிப்புறத்தோடு ஒப்பிடுங்கள்.

படி 4: ஷோல் அளவீடு

ஃபிஜி (Fiji) என்ற இலவசப் படப் பகுப்பாய்வு மென்பொருளில் எஸ்என்டி (SNT) கருவியைத் திறந்து கோப்பை ஏற்றுங்கள். இதற்குக் காசு கொடுத்து எதையும் வாங்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. செல் உடலை மையமாக வைத்து அடுக்கடுக்காகக் கோளங்கள் வரைந்து, ஒவ்வொன்றையும் எத்தனை கிளைகள் வெட்டுகின்றன என்று எண்ணுவதுதான் இது. டொனால்ட் ஷோல் 1953-இல் பூனை மூளைக்குச் செய்த முறை. இடைவெளி 10 மைக்ரான் வையுங்கள், எல்லாச் செல்லுக்கும் அதே அளவு. மொத்த நீளத்தோடு கிளை வரிசையையும் (செல் உடலிலிருந்து நேரே கிளம்புவது முதல் வரிசை, அது பிரிந்தால் இரண்டாம் வரிசை, இப்படியே) குறித்துக்கொள்ளுங்கள். நரம்பியல் ஆய்வாளர் ஷைபலின் குழு 1985-இல் பேச்சுப் பகுதியில் இடதுபக்கத்தை வேறுபடுத்திக் காட்டியது இந்த வரிசைதான்: அங்கே நான்காம், ஐந்தாம் வரிசைக் கிளைகள் மிகுதி.

படி 5: சரிபார்ப்பது

ஆய்வாளர் பாப் ஜேக்கப்ஸின் குழு 2001-இல் கோல்கி சாயமிட்ட (சில செல்களை மட்டும் முழுதாகக் கருமையாக்கும் முறை) செல்களின் அடிப்புற டென்ட்ரைட்டுகளை எட்டுப் பகுதிகளில் ஒப்பிட்டது. 44-உம் 22-உம் எளிய கிளையமைப்புள்ள குழுவில் வந்தன. 39 சிக்கலான குழுவில் வந்தது. ‘மொழிப் பகுதி’ என்று ஒரே பெயரில் அழைத்தாலும் உள்ளே இப்படிப் பிரிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு. உங்கள் வரைபடம் முற்றிலும் வேறு மாதிரி வந்தால், முதலில் படி 3-க்குத் திரும்புங்கள்.

பின்சேர்க்கை: செல்லுக்குச் செல் ஒப்பிட்டதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். ஒரே மனிதரின் பத்துச் செல்கள் பத்து மனிதர்களுக்குச் சமமாகாது. ஆளுக்கொரு சராசரி எடுத்து, அதை ஒப்பிடுங்கள். விரிதாளில் திறக்கும்போது # குறியில் தொடங்கும் வரிகளைத் தனியே எடுத்து வையுங்கள்; சாயம், வயது விவரம் சில கோப்புகளில் அங்கேதான் இருக்கும்.