24 மணி நேரம், 48 பதிவுகள்: காமிக்ஸ் பற்றி எழுதி நன்கொடை திரட்டும் முறை

2022 ஏப்ரல் வெள்ளத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் பிற ஊர்களிலும் 400க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அந்த வாரம் யாருக்கும் புத்தகங்களைப் பற்றி நினைக்க நேரமில்லை. தண்ணீர் வடிந்து, வீடுகளைக் கழுவி முடித்த பிறகுதான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் உள்ள தொடக்கப்பள்ளியின் நூலகத்துக்குள் போனோம். மேல்தட்டுகள் தப்பியிருந்தன. கீழ்த்தட்டு முழுவதும் சேற்றுக் கட்டியாகக் கிடந்தது. சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டட்டும் என்று படக்கதைகளையெல்லாம் அந்தக் கீழ்த்தட்டில்தான் வைத்திருந்தார்கள்.

அதை மறுபடி நிரப்புவதற்காக ஒரு நாள் முழுவதும் தூங்காமல், அரை மணிக்கு ஒன்றாக, காமிக்ஸ் பற்றி எழுதினேன். பிறகு இன்னும் இரண்டு ஆண்டுகள் செய்தேன். இதை முதன்முறையாகச் செய்ய நினைப்பவர்களுக்காக, நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முறை எளிது. 24 மணி நேரத்தில் 48 பதிவுகள். பதிவு ஒன்றுக்கு இத்தனை ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) என்று உறவினர்களும் வாசகர்களும் முன்கூட்டியே வாக்களிக்கிறார்கள். முடிந்ததும் பணம் அறப்பணிக்குப் போகிறது. 2000களின் தொடக்கத்தில் வலைப்பதிவர்களிடையே பரவிய வழக்கம் இது. காமிக்ஸ் உலகில் இதற்கு ஓர் அண்ணன் உண்டு. அமெரிக்கக் கலைஞர் ஸ்காட் மெக்கிளவுட் 1990இல் 24 மணி நேரத்தில் 24 பக்கக் காமிக்ஸ் ஒன்றை எழுதி வரைந்து முடிக்கும் சவாலைத் தொடங்கிவைத்தார். வரையத் தெரியாத நம்மைப் போன்றவர்களுக்கு எழுத்து இருக்கிறது.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கண் விழிப்பதற்காக யாரும் பணம் தருவதில்லை. காலையில் காபியோடு உட்காரும் ஒருவருக்கு நீங்கள் எழுதிய பத்து வரி பிடித்துப்போக வேண்டும், அதற்காகத்தான் தருகிறார்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தப் பத்து வரியைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுதான்.

முதல் படி: பணம் யாருக்கு?

"குழந்தைகள் நலனுக்காக" என்று பொதுவாகச் சொன்னால் யாருடைய மனத்திலும் படம் விழாது. "இந்தப் பள்ளி நூலகத்தில் படக்கதைத் தட்டு ஒன்றை நிரப்ப" என்று சொல்லுங்கள். தட்டில் எத்தனை புத்தகம் பிடிக்கும் என்று அளந்து, புத்தகக் கடையில் விலை விசாரித்து, இலக்குத் தொகையை அதிலிருந்து கணக்கிடுங்கள்.

பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரி. அறப்பணியை நடத்தும் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகட்டும். 'காமிக்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லைக் குறிப்பாகப் போடச் சொல்லுங்கள், எது உங்கள் வழியாக வந்தது என்று அவர்கள் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். தென்னாப்பிரிக்காவில் இன்னொன்றும் கேட்க வேண்டும்: அந்த நிறுவனம் வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்கீழ் ஒப்புதல் பெற்றதா? பெற்றிருந்தால் அது தரும் ரசீதைக் காட்டி, வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரையிலான நன்கொடையைக் கழித்துக்கொள்ளலாம். சம்பளக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாம் படி: வாக்குறுதி வாங்குவது

மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். கேட்கும்போது கணக்கையும் சேர்த்தே சொல்லுங்கள்: பதிவுக்கு 2 ராண்ட் என்றால் மொத்தம் 96 ராண்ட், 5 ராண்ட் என்றால் 240, 10 ராண்ட் என்றால் 480. ஓய்வூதியத்தில் வாழும் எங்கள் பக்கத்து வீட்டு ஆயா பதிவுக்கு 1 ராண்ட் தந்தார்கள். அந்த 48 ராண்டைப் பட்டியலின் தலையில் எழுதிவைத்தேன்.

மொத்தமாகத் தர விரும்புகிறவர்களுக்கு 67 ராண்ட் என்று ஒரு வழி வைத்தேன். மண்டேலா பொதுவாழ்வில் செலவிட்ட 67 ஆண்டுகளை நினைத்து, அவர் பிறந்த நாளான ஜூலை 18இல் 67 நிமிடம் பிறருக்காக உழைக்கும் வழக்கம் இந்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த எண்ணுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

முதல் ஆண்டு ஒரு தவறு செய்தேன். முடிந்து பத்து நாள் கழித்துத்தான் பணத்தை நினைவூட்டினேன். அதற்குள் எல்லோருடைய மனமும் வேறு வேலைக்குப் போய்விட்டது. வாக்களித்தவர்களில் பலர் தரவேயில்லை. இப்போது கடைசிப் பதிவு வெளியான ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி போகிறது.

மூன்றாம் படி: நாளும் நேரமும்

நான் தேர்ந்தெடுப்பது ஜூலை 18க்கு முந்தைய சனிக்கிழமை. ஆடி பிறந்துவிட்டால் வார இறுதிகளில் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். பாதி வாசகர்கள் அங்கே இருப்பார்கள், நானும் அங்கேதான் இருப்பேன். சனி காலை 10 மணிக்கு முதல் பதிவு, ஞாயிறு காலை 9.30க்கு நாற்பத்தெட்டாவது. முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கிவிட்டுத் தொடங்க முடிவதால்தான் இந்த நேரம். வெள்ளி மாலை வேலை முடிந்து வந்து தொடங்குகிறவர்கள் ஏற்கனவே பன்னிரண்டு மணி நேரம் விழித்திருப்பார்கள்; வேண்டாம்.

இனி நான் மிகவும் விரும்பும் பகுதி. நள்ளிரவுக்குப் பிறகு யார் படிப்பார்கள் என்று முதல் ஆண்டு பயந்தேன். உலக வரைபடத்தை விரித்துப் பார்த்ததும் பயம் போய்விட்டது. டர்பனில் அதிகாலை 2 மணி என்றால் சென்னையில் 5.30, கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் காலை 8, சிட்னியில் காலை 10. டொராண்டோவில் முந்தைய நாள் இரவு 8 மணி. சாப்பிட்டுவிட்டுக் கைப்பேசியை எடுக்கும் நேரம். நமக்கு மிக இருண்ட வேளையில் தமிழ் வாசகர்கள் உலகெங்கும் விழித்திருக்கிறார்கள். ஆகவே நல்ல பதிவுகளைப் பகலிலேயே செலவழித்துவிடாதீர்கள். சிங்கப்பூர், மலேசிய வாசகர்கள் சிறு வயதில் படித்திருக்கக்கூடிய காமிக்ஸ் பற்றிய பதிவை அதிகாலை 2 மணிக்கு வையுங்கள். புது வாக்குறுதிகள் அப்போதுதான் வரத் தொடங்கும்.

நான்காம் படி: 48 தலைப்புகள்

வெறும் தலைப்புப் பட்டியல் போதாது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தகவல், ஒரு நினைவு, ஒரு கேள்வி என்று மூன்று வரி குறித்துவையுங்கள். பிறகு ஒரு கதாநாயகனை நூலாகப் பிடித்துக்கொண்டு போனால் நான்கைந்து பதிவுகள் தாமாகவே வரும்.

இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் ஒரு கையை இழந்து, இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆள். உடலில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை மட்டும் தெரியும், மற்றதெல்லாம் மறைந்துவிடும். 1962இல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கிய கதை. அதற்கு உருவம் தந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ. தமிழில் 1972இல் முத்து காமிக்ஸ் என்ற இதழ் மாயாவியைக் கொண்டுதான் தொடங்கியது. லண்டன் இதழ், ஸ்பெயின் தூரிகை, சிவகாசி அச்சகம்: இந்தப் பயணமே ஒரு பதிவு.

அந்தப் புத்தகம் டர்பனுக்கு எப்போது வந்தது என்பது அடுத்த பதிவு. தென்னாப்பிரிக்காவின் நிறவெறியைக் கண்டித்து இந்தியா 1946இல் வணிகத்தை நிறுத்தியது. இரு நாடுகளுக்கும் உறவு மீண்டது 1993இல். அந்த ஆண்டுகள் முழுவதும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பெட்டிக்கடையில் வாங்கிப் படித்ததை இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் அறியாமலே வளர்ந்தார்கள். 1994இல் முதன்முறையாக மதுரைக்குப் போய்வந்த என் தாத்தாவின் பெட்டியில் விபூதிப் பொட்டலத்துக்கும் சுங்குடிச் சேலைக்கும் நடுவே நான்கு முத்து காமிக்ஸ் இருந்தன. எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படித்தேன். நான் தமிழ் படிக்கக் கற்றது அந்த நான்கு புத்தகங்களில்தான் என்று எழுதிய பதிவுக்குத்தான் இதுவரை அதிக நன்கொடை வந்திருக்கிறது. உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கும். அதைத் தேடி எடுங்கள்.

இந்த மண்ணின் காமிக்ஸையும் விட்டுவிடாதீர்கள். ஒரு வெள்ளைக்கார எஜமானிக்கும் அவர் வீட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பெண்ணுக்கும் நடக்கும் உரையாடலாக 1992இல் தொடங்கிய செய்தித்தாள் படத்தொடர் 'மேடம் அண்ட் ஈவ்'. கால்பந்துப் பைத்தியங்களுக்கு 'சூப்பா ஸ்ட்ரைக்காஸ்'. மண்டேலாவின் பெயரில் அமைந்த அறக்கட்டளை 2005இல் அவர் வாழ்க்கையையே காமிக்ஸ் தொடராக வெளியிடத் தொடங்கியது. 2014இல் லொயிசோ ம்கிசே உருவாக்கிய 'க்வெசி', ஆப்பிரிக்க இளைஞன் ஒருவனைச் சூப்பர் ஹீரோ ஆக்கியது. சென்னை வாசகருக்கு இவையெல்லாம் புதிது. மாயாவி டர்பன் வாசகருக்குப் புதிது. மாற்றி மாற்றி வையுங்கள்.

டர்பனில் தமிழ் கேட்டால் புரிந்தும் எழுத்துப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பத்துப் பதிவுகளை இரண்டு நிமிட ஒலிப்பதிவாகவும் தந்துவிடுங்கள். எழுதிய கைக்கும் அது சற்று ஓய்வு.

முன்பே எழுதிவைக்கலாமா என்று கேட்பார்கள். அதிகாலை 2 முதல் 5 மணி வரைக்கான ஆறேழு பதிவுகளுக்கு முழு வரைவு வைத்திருப்பேன்; அதை வாக்களித்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். மற்றவை அந்தந்த அரை மணியில் எழுதப்பட வேண்டும். அந்தச் சூடு படிப்பவருக்குத் தெரியும்.

ஐந்தாம் படி: படங்கள்

முழுப் பக்கங்களை ஸ்கேன் செய்து போடாதீர்கள். விமர்சனத்துக்குத் தேவையான ஒன்றிரண்டு கட்டங்கள் போதும். கூடவே ஓவியர், எழுத்தாளர், பதிப்பகத்தின் பெயர்கள். தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. அறப்பணிக்காக எழுதுகிறோம் என்பது கலைஞரின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்ளக் காரணமாகாது. படங்களை முன்பே சிறிதாக்கி, பதிவு எண் போட்டு ஒரே கோப்புறையில் வைத்துவிடுங்கள். நடு இரவில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஆறாம் படி: மின்சாரம்

லோட் ஷெட்டிங் என்னும் சுழற்சி மின்வெட்டோடு வாழ்ந்து பழகியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும்: மடிக்கணினி முழுச் சார்ஜில், ரூட்டருக்குத் தனியாக ஒரு சிறிய பேட்டரி, கைப்பேசியில் போதிய டேட்டா, சார்ஜ் செய்யும் விளக்கு ஒன்று. கைப்பேசியிலேயே ஒரு பதிவை எழுதி வெளியிட்டு ஒத்திகை பாருங்கள். தமிழ் விசைப்பலகை சரியாக இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாம் ஆண்டு சரியாக மாயாவி பதிவின் நடுவே விளக்கு அணைந்தது. இருட்டில் கைப்பேசியில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எழுதி வெளியிட்டேன்: மின்வெட்டு நாளில் மாயாவி என்ன செய்வார்? மின்சாரம் திரும்பியபோது குழந்தைகள் அனுப்பிய விடைகள் குவிந்திருந்தன. அடுத்த இரண்டு பதிவுகளை அவர்களே எழுதித் தந்துவிட்டார்கள்.

ஏழாம் படி: உடம்பு

வலிப்பு, சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். இருவராகச் சேர்ந்து பன்னிரண்டு பன்னிரண்டு மணி நேரம் எழுதுங்கள். நன்கொடை குறைந்துவிடாது.

அதிகாலை 3 முதல் 5 மணி வரைதான் உடல் மிகவும் தளரும். குடித்த காஃபினில் பாதி உடலை விட்டு நீங்க ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும் என்பதால், காலையிலேயே காபியாகக் குடித்துத் தீர்க்காதீர்கள். பகலில் ரூய்போஸ் என்னும் மூலிகைத் தேநீர் குடியுங்கள், அதில் காஃபின் கிடையாது. உண்மையான காபியை இரவு 11 மணிக்கும் 2 மணிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌ வேண்டவே வேண்டாம். அரை ரொட்டியும் ஆட்டுக்கறிக் குழம்பும் உள்ளே போனால் அடுத்த பதிவு வராது. அவித்த கடலை, வாழைப்பழம், சோளக்கஞ்சி போதும். ஒவ்வொரு பதிவு முடிந்ததும் எழுந்து வாசல் வரை நடந்து வாருங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு கார் ஓட்டாதீர்கள். 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் கவனத்தைப்போல் குறைந்துவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்த நாட்டில் சாதாரண ஓட்டுநருக்கான சட்ட வரம்பே அதுதான். எங்கள் வீட்டில் அன்று காலை என் அக்கா கார்ச் சாவியை எடுத்து வைத்துக்கொள்வார்.

எட்டாம் படி: கணக்கு

ஞாயிறு 10 மணிக்கு ஒரு நன்றிக் குறிப்பு, வங்கிக் கணக்கு விவரம், பிறகு தூக்கம். மாலையில் எழுந்து பட்டியலைச் சரிபாருங்கள். கொடுத்தவர்களின் பெயர்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து, தராதவர்களுக்கு ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

முப்பது நாளுக்குள் முழுக் கணக்கையும் வெளியிடுங்கள்: வந்த தொகை, நிறுவனம் தந்த ரசீது, வாங்கிய புத்தகங்களின் பட்டியல், தட்டின் படம். பெற்றோர் அனுமதி இல்லாமல் பிள்ளைகளின் முகம் படத்தில் வரக் கூடாது. எங்கள் முதல் ஆண்டுக் கணக்கில் கடைசி வரி 'மர முக்காலிகள், இரண்டு' என்று இருக்கும். ஏன் என்று பலர் கேட்டார்கள். புத்தகங்களை இந்த முறை மூன்றாம் தட்டில் வைத்தோம். சின்னப் பிள்ளைகள் ஏறி நின்று எடுப்பதற்காகத்தான் அந்த முக்காலிகள்.