கார்டிலிருந்து தோள் பூட்டு: நழுவுவது எங்கே?

1951 அக்டோபரில் ரியோவின் மரக்கானா அரங்கில் பிரேசில் ஜியு-ஜிட்சு வீரர் எலியோ கிரேசியின் தோளைப் பூட்டியபோது ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா மேலே இருந்தார். கீழே கிடந்தவரின் தோளைத் தரை அசையவிடவில்லை. கிமுராவின் பெயரே பெற்றுவிட்ட அந்தப் பூட்டை நாம் கார்டில், அதாவது எதிராளியைக் கால்களுக்கிடையே வைத்து மல்லாந்து கிடந்து, போடும்போது அந்த வசதி இல்லை. எதிராளியின் தோள் அந்தரத்தில் நிற்கிறது. அதை நிறுத்திவைக்க நம் இடுப்பும் கால்களும்தான் உண்டு. மதுரைப் பக்கம் கபடியோ சிலம்பமோ பழகிவிட்டு ஜியு-ஜிட்சுவுக்கு வருகிறவர்கள் இதை விட்டுவிட்டுக் கைபலத்தில் இறங்குகிறார்கள். கையை எதிர்த்திசையில் திருகும் தோள் பூட்டான அமெரிக்கானாவைக் கார்டிலிருந்து முயல்வதும் இதே கோளாறுதான். அதற்குத் தரை வேண்டும், விட்டுவிடுங்கள்.

கிமுராவில் முதல் தவறு, படுத்தபடியே கையை எட்டிப் பிடிப்பது. எதிராளி பாயில் கை ஊன்றியதும் அவன் மணிக்கட்டைப் பிடித்து, கார்டைத் திறந்து (பின்னிய கால்களை விலக்கி), அந்தக் கையிருக்கும் பக்கத்து இடுப்பின்மேல் எழுந்து உட்காருங்கள். உங்கள் மறு கை அவன் தோளுக்கு மேலாகப் போய் முழங்கைக்குப் பின்னால் சுற்றி, உங்கள் மணிக்கட்டையே பிடிக்கட்டும்.

பிடியில் கட்டைவிரலைச் சுற்றாதீர்கள். சிலம்பக் கம்புக்கு அது சரி. இங்கே ஐந்து விரலும் ஒரே பக்கம் கொக்கியாக இருந்தால்தான் திருப்பும்போது உங்கள் மணிக்கட்டு மடங்காது. முன்கையின் நடுவில் பிடித்தால் சித்திரை வியர்வையில் வழுக்கும். உள்ளங்கை விரியத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே பிடித்தால் அந்த அகலமே தடுத்துவிடும்.

அடுத்தது முழங்கை. ஜல்லிக்கட்டில் திமிலை நெஞ்சோடு அணைத்தால்தான் மாடு உதற முடியாது. விரலால் மட்டும் பற்றியவர் பறந்துபோவார். அவன் முழங்கையும் அப்படி உங்கள் மார்போடு ஒட்டியிருக்க வேண்டும், 90 பாகை மடிந்தபடி. கை நீண்டுவிட்டால் திருகு தோளுக்குப் போகாது. பிறகு இடுப்பை வெளியே நகர்த்தி, மேல் காலை அவன் முதுகின்மேல் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் அவன் முன்னுருண்டு தப்புவான். முழங்கையை அதே இடத்தில் வைத்து, மணிக்கட்டை மட்டும் அவன் தலைப்பக்கம் கொண்டுபோங்கள்.

அவன் தன் பெல்ட்டையோ கால்சட்டையையோ இறுகப் பிடித்துக்கொண்டால் மல்லுக்கட்டாதீர்கள். எழுந்து உட்கார்ந்த அதே நிலையில் இடுப்பால் மோதிப் புரட்டலாம். அதைத் தடுக்கத் தலையை முன்னே கொடுத்தால், கழுத்தைக் கையால் சுற்றி நெரிக்கும் கில்லட்டின் இருக்கிறது.

எதிராளியின் தோளைக் கால்களால் பூட்டும் ஒமோபிளாட்டாவில் பலர் அவசரப்பட்டு எழுந்து உட்கார்கிறார்கள். முதலில் இடுப்பைச் சுழற்றி அவன் பார்க்கும் திசையையே நீங்களும் பாருங்கள். கால்களை நீட்டி அவன் தோளைப் பாயில் பதியவையுங்கள். அப்புறம் எழுந்து, அருகிலுள்ள கையால் அவன் இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். பிடிக்காவிட்டால் குட்டிக்கரணம் அடித்துவிடுவான். கால்களை அவனைவிட்டு அப்பால் மடித்து, அவன் தலையை நோக்கிக் குறுக்காகச் சாயுங்கள். நேர் முன்னே குனிவதில் பலன் குறைவு.

இரண்டு பூட்டிலும் கடைசித் திருப்பத்தை வெட்டி இழுக்கக் கூடாது. தோள் வலி தெரிவித்து முடிக்கும் முன்பே தசைநார் கிழிந்திருக்கும். டேப் அடிக்க (தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள) எதிராளிக்கு ஒரு கை சும்மா இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவன் வாயால் சொன்னாலும் உடனே விட வேண்டும். சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதிகளில் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஒமோபிளாட்டா தடை. சிறுவர் வகுப்பில் அதைச் சொல்லித்தர அவசரம் வேண்டாம்.