முதலாம் ஆண்டு வாசிப்பை டேப்லெட்டில் சோதிக்க

பினாங்குத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் முதலாம் ஆண்டுப் பிள்ளை எந்த எழுத்தில் திணறுகிறது என்று கண்டுபிடிக்க, ஒரு டேப்லெட்டும் அமைதியான அறையும் வேண்டும். நேரம் பார்ப்பதும் கணக்கு வைப்பதும் கருவியின் வேலை. கேட்பது ஆசிரியரின் காது. சின்னப் பிள்ளைகளின் தமிழைத் தானாகவே திருத்தும் செயலியை நம்பி மதிப்பெண் போடாதீர்கள்.

வாசிப்புப் பகுதியில் டேப்லெட்டைப் பிள்ளையிடம் தராதீர்கள். தந்தால் திரையைத் தள்ளி விளையாடும். வரிக்கு 10 வீதம் 60 எழுத்துகள் அச்சிட்ட அட்டையைக் கொடுங்கள். ஆசிரியர் தன் திரையில் பிழையான எழுத்தை மட்டும் தட்டுவார். ல-ள-ழ, கெ-கே, கொ-கோ கட்டாயம் இருக்கட்டும், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். மூன்று விநாடி மௌனமானால் அடுத்த எழுத்தைக் காட்டுங்கள். முதல் வரி முழுதும் பிழையென்றால் அங்கேயே நிறுத்துங்கள், அழவிட வேண்டாம்.

நேரம் 60 விநாடி. முன்பே முடித்தால் வேகத்தைக் கணக்கிட வேண்டும்: 48 விநாடியில் 54 சரி என்றால், 54-ஐ 60-ஆல் பெருக்கி 48-ஆல் வகுக்க, நிமிடத்துக்கு 67.5. ‘ழ’வை ‘ள’வாகச் சொன்னால் தனிக் குறி வையுங்கள். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். எழுத்தே தெரியாத பிள்ளையோடு அதைச் சேர்த்துவிடக் கூடாது.

அடுத்தது கேட்டுத் தொடும் பகுதி: பிள்ளை ஒலியைக் கேட்டு, திரையில் உள்ள நான்கு விடையில் ஒன்றைத் தொடும். இதற்கு ஹெட்போன் வேண்டும். தகரக் கூரையில் மழை பிடித்தால் ஒலிபெருக்கி எடுபடாது. இங்கே ந-ன, ர-ற கேட்காதீர்கள்: பேச்சில் அவை ஒரே ஒலிதான். கல்-கால் போல குறில் நெடில் கேளுங்கள். நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டாலும் 20 கேள்வியில் ஏறத்தாழ 5 சரியாகிவிடும். ஆகவே 5, 6 என்ற எண் எதையும் சொல்லாது. தொட்ட நேரத்தைப் பாருங்கள்: ஒலி முடியும் முன்பே தொட்டிருந்தாலும், எப்போதும் ஒரே மூலையைத் தொட்டிருந்தாலும் அது ஊகம். விடைகளின் இடத்தைக் கேள்விக்குக் கேள்வி மாற்றுங்கள்.

தொடங்குமுன் ‘கௌ’வைச் சோதியுங்கள். தட்டச்சு செய்தவர் ‘கெ’யும் ‘ள’வும் அடித்திருந்தால் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், ஆனால் தேடலிலும் தொகுப்பிலும் வேறு எழுத்தாகப் பிரியும். முடிவுகளை எக்செல்லில் திறக்கையில் தமிழ் புரியாத குறிகளாக வந்தால், கோப்பை நேரே திறக்காமல் யுடிஎஃப்-8 (தமிழ் எழுத்துகளையும் சேமிக்கும் குறியாக்க முறை) என்று தேர்ந்து இறக்குமதி செய்யுங்கள்.

மறு சோதனைக்கு அதே அட்டை ஆகாது. வரிசை மாற்றிய இரண்டாவது அட்டை தயாராக இருக்கட்டும்; பிள்ளைகள் முதல் வரியை மனப்பாடமே செய்துவிடுவார்கள்.