பத்தாம் நம்பர் ஸ்பனருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

திருகோணமலை உப்புவெளியில், கடற்கரையிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் என் கராஜ் இருக்கிறது. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, மீன்பிடிப் படகுகளின் அவுட்போர்ட் எஞ்சின், இந்த மூன்றும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. என்னிடம் வேலை பழகிய பெடியன் ஒருவன் சொந்தமாகக் கடை போடப் போகிறேன் என்று கையில் ஒரு பட்டியலோடு வந்து நின்றான்.

"அண்ணை, கொழும்புக்குப் போறன். பஞ்சிகாவத்தையில எல்லாத்தையும் ஒரே செட்டா எடுத்திட்டு வரட்டோ?"

பட்டியலில் முதல் வரியே, போல்ட் தலையில் கவிழ்த்துத் திருப்பும் சொக்கட், 120 துண்டு செட். இரு தம்பி, முதல்ல தேத்தண்ணி குடி என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் மலிவானதை வாங்கு, அடிக்கடி பாவித்து எது உடைகிறதோ அதை மட்டும் பிறகு நல்லதாக வாங்கு என்று பலரும் சொல்வார்கள். பாதி சரி. சாமான் தான் மட்டும் உடைந்து போவதென்றால் அந்தக் கணக்குச் சரிதான். ஆனால் சில சாமான்கள் உடையும்போது போல்ட்டையும் சேர்த்துக் கெடுத்துவிட்டுத்தான் போகும். அதனால் நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: இது வழுக்கினால் எது கெடும்? சாமான் மட்டும் கெடும் என்றால் மலிவானது போதும். வாடிக்கையாளரின் எஞ்சினோ உங்கள் கையோ கெடும் என்றால் நல்லதை வாங்குங்கள், கடன் பட்டாவது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கடை போட்ட புதிதில் நானும் ஒரு பெரிய செட்தான் வாங்கினேன். மினுங்கும் பெட்டி, உள்ளே எல்லாம் வரிசையாக. ஒரு நாள் 15 குதிரைவலு அவுட்போர்ட் ஒன்று வந்தது. தண்ணீர் இழுக்கும் இம்பெல்லர் மாற்ற வேண்டும். கீழ்ப்பகுதியைக் கழற்றி, ரப்பர் சில்லைப் போட்டுத் திரும்பப் பூட்டுவது, அவ்வளவுதான். போல்ட்டில் சொக்கட்டை வைத்து அழுத்தினேன். க்ளக் என்று ஒரு சத்தம். கழன்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டுப் பார்த்தால், போல்ட்டின் ஆறு மூலையும் மழுங்கி உருண்டையாகிவிட்டது. அடுத்த போல்ட்டும் அப்படியே. தலையை வெட்டி, துளைத்து, புரி புதிதாக வெட்டி முடிக்க இரண்டு நாள் ஆனது. படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி ஏசவில்லை. இரண்டு நாளும் விடிய வந்து, முற்றத்தில் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நடந்தது என்னவென்றால், அந்தச் செட்டில் இருந்தவை பன்னிரண்டு மூலை சொக்கட்டுகள். போல்ட்டில் வைப்பதற்கு அவை வசதி, எந்தக் கோணத்திலும் பிடிக்கும். ஆனால் மூலைக்குப் பக்கத்தில்தான் அழுத்தும். ஆறு மூலை சொக்கட் போல்ட்டின் தட்டையான பக்கத்தை அழுத்தும். நல்ல கம்பனிகள் இதற்கென்றே உள்பக்க மூலைகளைக் கொஞ்சம் வளைத்துச் செய்கிறார்கள். அதோடு அவுட்போர்ட்டில் இருப்பது அலுமினிய உடம்பில் துருப்பிடிக்காத உருக்குப் போல்ட். இடையில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகிப் புரிக்குள் இறுகிவிடும். போல்ட் பளபளவென்று இருக்கும், ஆனால் அசையாது. புதுச் சைக்கிளில் எந்தச் சொக்கட்டும் வேலை செய்யும். கடற்கரைச் சாமானில்தான் அதன் தரம் தெரியும்.

இப்போது நிலைமை இன்னும் மோசம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, திரும்பத் திறந்தது 2025இல்தான். அந்த ஐந்து வருடமும் பழைய வண்டிகளே ஓடின. கராஜுக்கு வருவதில் பாதி, முன்பு இரண்டு மூன்று மெக்கானிக் பாஸ்மார் கைவைத்த போல்ட்டுகள். கறள் பிடித்தவை, ஏற்கெனவே மூலை தேய்ந்தவை. இவற்றுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்க முடியாது.

ஆகவே முதல் காசு ஆறு மூலை சொக்கட்டுகளுக்கும் ரிங் ஸ்பனர்களுக்கும். அதிலும் எல்லா நம்பரும் தேவையில்லை. ஜப்பான்காரர் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் அகலத் தலை, அதாவது 10ஆம் நம்பர் வைப்பார்கள், 8க்கு 12, 10க்கு 14. ஜெர்மன் அளவுமுறையில் 8க்கு 13, 10க்கு 17. இதனால்தான் ஒரு வண்டிக்கு 12 கேட்கும், இன்னொன்றுக்கு 13 கேட்கும். 8, 10, 12, 13, 14, 17, 19 நல்லதாக இருந்தால் என் கராஜின் வேலையில் பெரும்பங்கு முடிந்துவிடும். 11, 15, 16, 18 எல்லாம் தேவை வரும்போது ஒவ்வொன்றாக எடுக்கலாம். 120 துண்டுச் செட்டில் பாதி, பெட்டியை விட்டு வெளியே வராத அங்குல அளவுகளும் சின்னச் சின்ன பிட்டுகளும்தான். அந்தக் காசில் பத்து நல்ல துண்டு வாங்கலாம்.

அடுத்தது ஸ்குரூ டிரைவர். இது பலருக்குத் தெரியாத விஷயம். ஜப்பான் மோட்டார் சைக்கிள்களில் இருக்கும் நட்சத்திர ஸ்குரூ, நாம் சாதாரணமாக வாங்கும் பிலிப்ஸ் டிரைவருக்குச் செய்ததல்ல. அது ஜேஐஎஸ் என்ற ஜப்பான் அளவு. பெரும்பாலும் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். பிலிப்ஸ் டிரைவர் அதில் அடிவரை இறங்காது, திருப்பினால் மேலே ஏறி வழுக்கி, பள்ளத்தைத் தின்றுவிடும். காபரேட்டர் ஸ்குரூ கெடுவதெல்லாம் இப்படித்தான், குற்றம் ஸ்குரூவில் இல்லை. ஜப்பானின் வெசல் போன்றவர்கள் ஜேஐஎஸ் டிரைவர் செய்கிறார்கள். இரண்டாம், மூன்றாம் நம்பரில் ஒவ்வொன்று வாங்கினால் போதும். சுத்தியலால் பின்பக்கம் அடித்தால் தானே கொஞ்சம் திரும்பும் வகையும் உண்டு, இறுகிய ஸ்குரூவுக்கு அதுதான் மருந்து.

சொக்கட்டைப் போல்ட்டை விட்டு எடுக்காமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பும் கைப்பிடி ரச்சட். அதில் பல் கணக்கைப் பாருங்கள். 24 பல் என்றால் ஒரு பிடிக்கு 15 பாகை அசைய வேண்டும். 72 பல் என்றால் 5 பாகை போதும். ஓட்டோவின் பின்பக்க எஞ்சினுக்குள் கையை நுழைத்துப் பார்த்தவனுக்கு இந்தப் பத்துப் பாகையின் அருமை தெரியும். ஆனால் பல் கூடக்கூட ஒவ்வொரு பல்லும் சின்னதாகும், அதனால் மலிவான 72 பல்லை நம்பி முழுப் பலத்தையும் போடாதீர்கள். இறுகிய நட்டுக்கு நீளமான கைப்பிடி ஒன்றை வைத்திருங்கள், இளக்கிய பிறகு ரச்சட் போடுங்கள்.

சரி, நல்லது என்றால் எவ்வளவு நல்லது? கட்டாரில் கராஜில் வேலை செய்த மச்சான் ஒருவர் ஸ்னாப்-ஓன் ரச்சட் ஒன்று கொண்டுவந்தார். கையில் வாங்கிப் பார்த்தேன், கோவில் மணி மாதிரி இருந்தது. 1920இல் தொடங்கிய அமெரிக்கக் கம்பனி அது. அங்கே அவர்களின் வான் கராஜ் கராஜாக வரும். உடைந்த சாமானை வாசலிலேயே மாற்றித் தரும், கடனுக்கும் விற்கும். நாம் கொடுக்கும் விலையில் அந்த வானுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த வான் உப்புவெளிக்கு வராது. அப்படியானால் அந்தப் பங்கை நான் ஏன் கட்ட வேண்டும்? "வாழ்நாள் உத்தரவாதம்" என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உடைந்தால் நீங்கள் மாற்றித் தருவீர்களா? அவர் கொஞ்சம் யோசித்தால், உத்தரவாதம் இல்லை என்று வைத்து விலையைப் பேசுங்கள்.

என் பெட்டியில் பெரும்பகுதி நடுத்தரம்: தாய்வானின் கிங் டோனி, இந்தியாவின் டபாரியா. ஜப்பானின் கேடிசி, டோன் சில துண்டுகள் பழையவை, இறக்குமதிச் சாமான் கடையில் பொறுக்கி எடுத்தவை. பாவித்த ஜப்பான் ஸ்பனர் புது மலிவு ஸ்பனரைவிட எனக்கு மேல். வாய் விரிந்திருக்கிறதா, கைப்பிடியில் வெல்டிங் அடையாளம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பழசு என்றதும் நினைவு வருகிறது. அப்பப்பா டொக்யாட்டில் வேலை செய்தவர். 1957இல் வெள்ளைக்காரக் கடற்படை போன பிறகு எப்படியோ நாலைந்து ஸ்பனர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதில் ஒன்றில் 5/16 W என்று இருக்கும். விட்வர்த் அளவு. அந்த எண் போல்ட்டின் தடிப்பைச் சொல்கிறது, வாயின் அகலத்தை அல்ல. வாய் 15.24 மில்லிமீட்டர். இப்போது என்னிடம் வரும் ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் ஆகாது. ஆனால் இவ்வளவு வருடம் இந்த உப்புக் காற்றில் கிடந்தும் வாய் விரியவில்லை. இப்போது அதைத் தகரம் நெம்பப் பாவிக்கிறேன். அப்பப்பா பார்த்தால் கோபப்படுவார்.

கடையில் எப்படிச் சோதிப்பது? குரோம் வனேடியம் உருக்கு என்று வெட்டியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், எழுத்தை யாரும் வெட்டலாம். நான் பையில் ஒரு புது 6 மில்லிமீட்டர் போல்ட்டும் அகலம் அளக்கும் வேர்னியரும் கொண்டு போவேன். 10ஆம் நம்பர் ஸ்பனரின் வாய் 10க்கு மயிரளவு கூட இருக்க வேண்டும். 10.2ஐத் தாண்டினால் வைத்துவிட்டு வாருங்கள். போல்ட்டில் போட்டு ஆட்டிப் பாருங்கள், கை உணரும். பிளையர் என்றால் வாயை மூடி வெளிச்சத்துக்குப் பிடியுங்கள், பிறகு நுனியில் ஒரு தாளைக் கடிக்கவிட்டு இழுங்கள். குரோம் பூச்சில் சின்னக் கொப்புளம் இருந்தால் வேண்டாம். இரண்டு வாடைக்குள் அது உரிந்து, பிளேட் மாதிரிக் கையை வெட்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

குறித்த அளவு இறுக்கம் வந்ததும் க்ளிக் அடிக்கும் டோர்க் ரென்ச் வேண்டுமா என்று பெடியன் கேட்டான். வேண்டும். எஞ்சினின் அலுமினியத் தலையில் 10 மில்லிமீட்டர் புரியுள்ள ஸ்பார்க் பிளக்குக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான், 14 மில்லிமீட்டர் புரிக்கு 25 முதல் 30. கை மதிப்பில் இறுக்குகிறவன் நாளைக்குப் புரி கட்டுவான். இதில் நடுத்தர விலை போதும், ஆனால் சோதித்துப் பாருங்கள். சதுரத் தலையை வைஸில் பிடித்து ரென்ச்சைக் கிடையாக வையுங்கள். வாளியோடு சேர்த்துச் சரியாக 10 கிலோ தண்ணீரைத் தலையிலிருந்து 30 சென்ரிமீட்டரில், கைப்பிடியில் தொங்கவிட்டால் கிட்டத்தட்ட 29 நியூட்டன் மீட்டர். அளவைக் கூட வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வரும்போது 29க்கு அங்கே இங்கே க்ளிக் அடித்தால் நல்லது, 20க்கு இறக்கினால்தான் அடிக்கும் என்றால் திருப்பிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் அளவை ஆகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வையுங்கள், ஸ்பிரிங் சோர்ந்துவிடும். அதால் நட்டை இளக்குவதைக் கண்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மலிவாக வாங்கக் கூடியவையும் நிறைய. சுத்தியல், ஒயில் பிடிக்கும் தட்டு, கம்பித் தூரிகை, புனல், பீலர் கேஜ், காந்தத் தட்டு. வாள் சட்டம் மலிவாக இருக்கலாம், ஆனால் வாளை நல்லதாகப் போடுங்கள்.

எவ்வளவு கையிறுக்கம் என்றாலும் மலிவாக வாங்கவே கூடாதது இரண்டு. ஒன்று வண்டிக்குக் கீழே முட்டுக் கொடுக்கும் ஸ்டாண்ட், காரணம் சொல்லத் தேவையில்லை. மற்றது உடைந்த போல்ட்டை எடுக்கும் ஈசி அவுட். மலிவானது போல்ட்டுக்குள்ளேயே முறியும். அது கடின உருக்கு, சாதாரணத் துளைக்கும் கம்பி அதில் ஏறாது. ஒரு பிரச்சினை இருந்த இடத்தில் இரண்டாகும்.

வாங்கிய பிறகு பராமரிப்பு. என்ன விலை கொடுத்தாலும் இங்கே உப்புக் காற்று ஒரே மாதிரித்தான் தின்னும். இரவில் கடை பூட்டும் முன் எஞ்சின் ஒயில் நனைத்த சீலையால் எல்லாவற்றையும் ஒருதரம் துடையுங்கள், அவுட்போர்ட் வேலை செய்த நாளில் முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஈரச் சாமானைத் தகரப் பெட்டியில் போட்டு மூடினால் விடியக் கறள்.

பெடியன் போய் வந்துவிட்டான். சொக்கட்டுகள் தாய்வான், ஆறு மூலை. வெசல் டிரைவர் இரண்டு. ஸ்டாண்ட் நல்ல பாரம். சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டே வந்தால், பையின் அடியில் நட்டை அடித்து அடித்துத் திருப்பும் பற்றரி இம்பக்ட் துப்பாக்கி ஒன்று. நான் சொல்லவில்லை, மலிவாகக் கிடைத்ததாம். அதற்குரிய சொக்கட் எங்கே என்றேன். இதையே போடலாம்தானே என்று பளபளக்கும் குரோம் சொக்கட்டை எடுத்துக் காட்டினான். துப்பாக்கியின் அடியை அந்த மெல்லிய சுவர் தாங்காது, வெடித்தால் துண்டு கண்ணுக்குத்தான் வரும். அதற்குத் தடித்த கறுப்புச் சொக்கட் வேறாக இருக்கிறது. என் பெட்டியிலிருந்து 17, 19 இரண்டையும் எடுத்துக் கொடுத்தேன். தைப்பொங்கலுக்கு முன் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.